நோயா, நடிப்பா?

உபாத்தியாயத் தொழிலுக்கு வந்து நமக்கு இருபது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. இந்தக் காலத்தில் நாம் கேட்ட வயிற்றுவலிகளையும் தலைவலிகளையும் பட்டியலாக எழுதத் தொடங்கினால் இந்த இதழ் முழுவதும் போதாது. கணக்குப் பரீட்சையன்று காலையில் வந்து, பரீட்சை முடிந்து மணி அடித்ததும் மறைகிற காய்ச்சல்கள்தாம் எத்தனை! ஆகவே, மாணவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது மெய்யான வலி, எது பொய்யான வலி என்று சொல்லிவிடலாம் என்ற ஒரு கர்வம் நமக்கு இருந்து வந்தது. அந்தக் கர்வம் பங்கப்பட்ட வரலாற்றை இந்த வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொண்டு விடுகிறோம். அது நமது சொந்த அவமானம் மட்டுமாக இருந்தால் சொல்லாமலே விட்டிருப்போம். ஆனால், நாம் செய்த தவற்றைப் பல குடும்பங்களில் பெரியவர்கள் தினந்தோறும் செய்து வருகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

சில வருஷங்களுக்கு முன்பு நமது பத்தாம் வகுப்பில் ஒரு பெண் படித்து வந்தாள். பெயர் வேண்டாம். கெட்டிக்காரி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக் கொண்டாள். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்லிக் கட்டுப் போட்டார். பத்து நாளில் கட்டைப் பிரித்தார்கள். வீக்கம் இல்லை, வலியும் அநேகமாக இல்லை. ஆனால், பேனாவை எடுத்ததும் கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு வரி எழுதுவதற்குள் பேனா விரலிலிருந்து நழுவி விழுந்தது. பொதுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மாதிரிப் பரீட்சையில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். அந்தப் பெண் தோழிகளோடு பேசிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாள். பிறகு அவிழ்ந்த ரிப்பனை எடுத்துச் சடையில் கட்டிக்கொண்டாள். இரண்டையும் செய்தது அதே வலது கை! நடுக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. "அகப்பட்டுக் கொண்டாள்!" என்று நினைத்தோம். அன்று பிற்பகல் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்டோம்: "இந்த நாடகத்தில் இன்னும் எத்தனை அங்கங்கள் பாக்கி இருக்கின்றன?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் அழவில்லை. மேஜைமேல் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் என்பது போல.

வீட்டிலோ வேறு தீர்ப்புக்கள் வழங்கப்பட்டிருந்தன. அந்தி வேளையில் ஆற்றங்கரைப் பக்கமாக வந்தபோது காற்று கறுப்பு அடித்திருக்கிறது என்றாள் பாட்டி. மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் தகப்பனார் தொலைபேசியில், "எல்லாம் பரீட்சைப் பயம், இரண்டு அதட்டல் போட்டால் சரியாகிவிடும்" என்றார். தாயார் மட்டும் எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் நம்மிடம் வந்து நின்றாள். "ஸார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று பார்க்கிறேன். அங்கே பேசுவதற்கு எனக்குத் தெரியாது. நீங்களும் கூட வர முடியுமா?" என்று கேட்டாள். நாம் போனோம். நமது கட்சியை டாக்டர் ஊர்ஜிதம் செய்வார் என்ற எண்ணத்துடனேயே போனோம் என்பதையும் மறைக்கக் கூடாது.

* * *

நரம்பு வைத்தியப் பிரிவில் இருந்தவர் ஒரு டாக்டர் அம்மாள். பெண்ணின் கையைச் சாவதானமாகச் சோதித்தார். பிறகு, வலது கையால் பேனாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நடுக்கம் தொடங்கியதும், இடது கை விரலால் மேஜைமேல் தாளம் போடச் சொன்னார். முதலில் மெதுவாக; பிறகு சற்றுத் துரிதமாக. என்ன ஆச்சரியம்! இடது கை எந்தக் காலப்பிரமாணத்தில் தட்டியதோ, வலது கையின் நடுக்கமும் அதே காலப்பிரமாணத்துக்கு மாறிற்று. தாளத்தை இன்னும் சிக்கலாக்கியபோது நடுக்கம் ஒரு கணம் நின்றே போய்விட்டது.

இதுதான் சமயம் என்று நாம் டிபன் பாக்ஸ் சமாசாரத்தை எடுத்து விட்டோம். டாக்டர் அம்மாள் முகம் மலர்ந்தது. "நல்ல வேளை, சொன்னீர்கள்" என்றார். நமக்கல்ல, பெண்ணுக்குத்தான் விளக்கம் சொன்னார். "பார் அம்மா, உன் கையில் பலம் இருக்கிறது. நரம்பில் பழுதில்லை. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது கை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கவனம் முழுவதும் கைமேல் வந்து உட்கார்ந்ததும் தடுமாறுகிறது. அடிபட்ட நாட்களில் கையைக் காப்பாற்ற மூளை பழகிய ஒரு வழக்கம், அடி ஆறிய பிறகும் போக மாட்டேன் என்கிறது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. இதற்குப் பெயர் உண்டு, உன்னைப் போல் அநேகம் பேருக்கு வருகிறது, குணமாகக் கூடியது."

எந்தச் சாட்சியத்தை வைத்து நாம் அவளைக் குற்றவாளி ஆக்கினோமோ, அதே சாட்சியத்தை வைத்து டாக்டர் அவளை நோயாளி என்று நிரூபித்துவிட்டார்!

வீணையின் தந்திகள் ஒன்றும் அறுபடாமல் இருக்கலாம். குடத்திலும் விரிசல் இல்லாமல் இருக்கலாம். ஆனால், சுருதி கலைந்திருந்தால் வாசிக்க முடியுமா? நரம்பு மண்டலத்திலும் இப்படி உறுப்புச் சேதம் இல்லாமலே இயக்கம் கெட்டுப் போவதுண்டு. கை கால் விளங்காமை, நடுக்கம், பேச்சடைப்பு, பார்வை மங்கல், வலிப்புப் போன்ற வெட்டு ஆகிய எதுவாகவும் அது வரலாம். இதை இயக்கக் கோளாறு என்கிறார்கள் டாக்டர்கள். முன்காலத்தில் இதற்கே ஹிஸ்டீரியா என்று பெயர்.

மனத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவது நமக்குப் புதிய சங்கதியல்ல. தொல்காப்பியர் இதற்கென்றே ஓர் இயல் வகுத்தார். மெய்ப்பாட்டியல் என்று பெயர். அச்சத்தில் உடல் நடுங்குவதும், உவகையில் மயிர்க்கூச்செறிவதும் நடிப்பென்று யாராவது சொல்வார்களா? மேடையேறிய பையனுக்கு நாக்கு உலர்ந்து போகிறது; அவன் உத்தரவு கொடுத்தா அது உலர்கிறது? அச்சம் தெளிந்ததும் ஒரு நிமிஷத்தில் அந்த மெய்ப்பாடு போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் அதுவே வியாதி.

* * *

இந்த வியாதியை உலகம் புரிந்துகொண்ட வரலாறு, பெரும்பாலும் புரிந்துகொள்ளாத வரலாறுதான். பண்டைக் கிரேக்கர்கள், பெண்ணின் கருப்பை இடம்விட்டு உடம்புக்குள் அலைவதனால் இது வருகிறது என்று நினைத்தார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ என்ற பெரிய நரம்பு வைத்தியர், இது கருப்பை நோயுமல்ல, பொய் வேஷமுமல்ல என்று அடித்துச் சொன்னார். ஆண்களுக்கும், அதிலும் ரயில்வே தொழிலாளர் போன்ற உறுதியான தேகமுள்ளவர்களுக்கும், விபத்துக்குப் பிறகு இது வருவதை எடுத்துக் காட்டினார். ஆனால், அவரும் ஒரு பிழை செய்தார். நோயாளிகளைச் சபையில் நிறுத்திக் காட்டினார். பிளான்ஷ் விட்மான் என்ற பெண் மூர்ச்சித்துச் சாய்ந்திருக்க, ஷார்கோ பிரசங்கம் செய்யும் காட்சியை ஆந்த்ரே புரூயே என்ற ஓவியர் 1887-ல் வரைந்தார். பிரசித்தி பெற்ற சித்திரம். பார்ப்பதற்குக் கூட்டம் கூடக் கூட, நோயின் ஆவேசமும் கூடிற்று. 1893-ல் ஷார்கோ காலமான பிறகு, அத்தகைய பெரிய ஆவேசங்கள் அந்த ஆஸ்பத்திரியில் அருகிப் போயின. வேடிக்கை பார்ப்பதும் இந்த நோயை வளர்க்கும் என்பது இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அடுத்த பாடத்தை உலகம் யுத்த களத்தில் கற்றது. 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்தில், பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்கள் பலருக்குக் காயம் எதுவும் இல்லாமலே பேச்சு நின்றது, பார்வை போயிற்று, கை கால்கள் ஓயாமல் நடுங்கின. சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 1915-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். குண்டதிர்ச்சி என்ற பெயர் எங்கும் பரவிற்று. சில டாக்டர்கள் பரிவோடு பேசிச் சிகிச்சை செய்தார்கள். வேறு சிலர், கோழைத்தனத்தை விரட்டுவதாக எண்ணி மின்சாரம் பாய்ச்சினார்கள்.

ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் 1915-ல் குண்டதிர்ச்சியினால் ஐந்து மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்து அவருடைய மனைவிக்குக் கடிதம் வந்தது, கையெழுத்து அவருடையதல்ல. எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர்தாம். ஆனால், பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியதால், வேறொருவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. குணமானதாகச் சொல்லி அவரை மறுபடியும் போர் முனைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், பீரங்கிச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்று சொல்லி, முன்னணிக்குப் போக மறுத்தார். ராணுவ நீதிமன்றம் சுமார் 20 நிமிஷங்களில் விசாரணையை முடித்தது. கோழைத்தனம் என்பது தீர்ப்பு. அக்டோபர் 16-ஆம் தேதி அதிகாலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 25. இப்படியெல்லாம் மரண தண்டனை அடைந்த 306 சிப்பாய்களுக்கு 2006-ஆம் வருஷத்தில்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு வருஷங்கள்!

பேனா பிடிக்க முடியாத அந்தக் கையைப் பற்றிப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். நமது வகுப்பறை ராணுவ நீதிமன்றம் அல்ல. ஆயினும், நாம் விசாரணை நடத்துவதற்கு 20 நிமிஷங்கள்கூட எடுத்துக் கொள்ளவில்லை.

* * *

கை, கால்களைப் போலவே ஞாபகமும் ஒரு மனிதனை விட்டு விலகி நிற்பதுண்டு. கதைப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும்போது, "சாப்பிட வா" என்று அம்மா மூன்று முறை கூப்பிட்டதும் காதில் விழாமல் போகிறதல்லவா? அது இதன் மிகச் சிறிய, தீங்கற்ற வடிவம். தாங்க முடியாத இடர்ப்பாட்டில் இந்த விலகல் பெரிதாகி, தன் பெயரையும் ஊரையும்கூட மறக்கச் செய்துவிடும். பிரெஞ்சு மனோதத்துவ அறிஞர் பியேர் ழானே 1889-ல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக ஆராய்ந்தார்.

அமெரிக்காவில் ஆன்ஸல் போர்ன் என்ற பிரசாரகரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1887 ஜனவரி 17-ஆம் தேதி, பிராவிடன்ஸ் நகரத்து பாங்கியிலிருந்து 551 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு குதிரை டிராமில் ஏறினார். அத்தோடு ஆள் மறைந்து போனார். பென்ஸில்வேனியா மாகாணத்தில் நாரிஸ்டவுன் என்ற ஊரில், ஏ. ஜே. பிரவுன் என்ற பெயருள்ள ஒருவர் சிறிய கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, காகிதம், மிட்டாய், பழம் முதலியவற்றை விற்று வந்தார். அமைதியானவர், யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. மார்ச் 14-ஆம் தேதி விடியற்காலையில் அவர் திடுக்கிட்டு விழித்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று வீட்டாரைக் கேட்டார். தம் பெயர் ஆன்ஸல் போர்ன் என்றார். கடையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றார். பாங்கியில் பணம் வாங்கியது நேற்று நடந்ததாக அவருக்கு நினைவு! 1890-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற மனோதத்துவப் பேராசிரியர் அவரை ஹிப்னாடிஸ உறக்கத்தில் ஆழ்த்தியபோது, மறைந்திருந்த பிரவுனின் ஞாபகங்கள் வெளிவந்தன. இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. இதே மனிதர் தமது முப்பது வயதையொட்டிய சமயத்தில், திடீரென்று சில காலம் பார்வையும் செவியும் இழந்து, பிறகு மீண்டவர். உடம்பை விட்டு உணர்வு விலகுவதும், மனிதனை விட்டு ஞாபகம் விலகுவதும் ஒரே குடும்பத்து வியாதிகள் என்பதற்கு இவர் ஒருவரே போதிய சாட்சி.

நமது நாட்டில் இந்த விலகல் பெரும்பாலும் வேறு உடையில் வருகிறது. புதிதாக மணமாகி வந்த பெண் திடீரென்று வேறு குரலில் பேசுகிறாள். செத்துப்போன யாரோ தன்மேல் வந்திருப்பதாகச் சொல்லுகிறாள். தெளிந்ததும் ஒன்றும் நினைவில்லை என்கிறாள். உடனே வேப்பிலையும் சாட்டையும் வந்துவிடுகின்றன. திருவிழாவில் பக்தியோடு சாமி ஆடுவதை வைத்திய சாஸ்திரம் நோய் என்று சொல்லவில்லை. 2022-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல், சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டை விலக்கி, விருப்பமின்றி வந்து துன்பமும் இடையூறும் தருகிற ஆவேசத்தை மட்டுமே நோயாகக் கணக்கிடுகிறது. அந்தத் துன்பத்துக்கு அடியும் சூடும் மருந்தாகா. மனநோயாளிகளைக் கட்டிப் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது.

* * *

இவ்வளவும் படித்த நேயர் ஒருவர், "அப்படியானால் டாக்டருக்குப் புரியாத நோயெல்லாம் மனத்தில் உண்டாவதுதானே?" என்று கேட்கலாம். அது முன்னதைவிட அபாயமான பிழை. 1965-ல் எலியட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் மனோவைத்தியர், ஹிஸ்டீரியா என்று பெயர் சூட்டி அனுப்பப்பட்ட நோயாளிகளைப் பல வருஷங்கள் கழித்துத் தேடிப் பார்த்தார். கணிசமான பேருக்கு உண்மையில் வேறு நோய் இருந்து, கவனிக்கப்படாமல் போயிருந்தது. வைத்தியரின் அறியாமையை மூடும் போர்வையே அந்தப் பெயர் என்று அவர் எச்சரித்தார். எச்சரிக்கை வீண்போகவில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பல வருஷத்து அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்து, 1950-களில் 100-க்கு 29 ஆக இருந்த பிழை, 1970-களுக்குப் பிறகு 100-க்கு 4 ஆகக் குறைந்திருப்பதாகக் கண்டது. இப்போது டாக்டர்கள் "ஒன்றும் அகப்படவில்லை, ஆகையால் இது மனநோய்" என்று முடிவு கட்டுவதில்லை. தாளம் போட்ட சோதனையைப் போல, நேரான அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

1908-ல் அமெரிக்க டாக்டர் ஹூவர் கண்ட அடையாளமும் அத்தகையதே. இடது கால் விளங்கவில்லை என்று படுத்திருக்கும் நோயாளியை, அந்தக் குதிகாலைப் படுக்கையில் அழுத்தச் சொன்னால் முடிவதில்லை. ஆனால், வலது காலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கச் சொன்னால், இடது குதிகால் தன்னையறியாமல் படுக்கையை அழுத்துகிறது. கவனிக்க: திடீரென்று ஒரு பக்கம் விளங்காமல் போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, இந்தச் சோதனைகளை நாமே வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் விலை மதிப்புள்ளது. முதலில் ஆஸ்பத்திரி; மற்றதெல்லாம் பிறகு.

நமக்குத் தெரிந்த இன்னொரு வகை நோயாளியையும் சொல்ல வேண்டும். அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பாவோ, சித்தியோ இருப்பார். முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல் ஏதோ ஒன்று வருஷக் கணக்கில் இருக்கும். ஸ்கான் படங்களும் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களும் ஒரு பை நிறைய இருக்கும். "ஒன்றும் இல்லை" என்று சொன்ன டாக்டரிடம் மறுபடி போகமாட்டார். வேறு டாக்டரைத் தேடுவார். வீட்டார் சலித்துப்போய், "எல்லாம் பிரமை" என்பார்கள். பிரமை அல்ல, வலி மெய்யான வலிதான். அமெரிக்க மனோவைத்திய சங்கத்தின் நூல், 2013-ஆம் வருஷத்துப் பதிப்பில் இதைப் பற்றி ஒரு நல்ல திருத்தம் செய்தது. வலிக்குக் காரணம் அகப்பட்டதா, இல்லையா என்பது கேள்வியல்ல. நீரிழிவோ, இருதய நோயோ கூடவே இருக்கலாம். அந்த வலியைப் பற்றிய கவலையும் பயமும் ஒரு மனிதரின் நாளையெல்லாம் விழுங்கி, மாதக் கணக்கில் நீடிக்கிறதா என்பதே கேள்வி. இத்தகையவருக்கு நம்பிக்கையான ஒரே டாக்டர் வேண்டும். வலி அதிகமானால்தான் போவது என்றில்லாமல், குறித்த தேதிகளில் போய் வர வேண்டும். பத்து டாக்டரும் பத்து ஸ்கானும் கவலையைத் தீர்ப்பதில்லை, வளர்க்கின்றன.

* * *

நமது பெண்ணுக்கு என்ன சிகிச்சை செய்தார்கள் என்று கேட்பீர்கள். மாத்திரை எதுவும் இல்லை. முதல் மருந்து, டாக்டர் அம்மாள் சொன்ன விளக்கம். இரண்டாவது, பிஸியோதெரபி. பயிற்சி கொடுத்தவர் அவளைப் பேனாவைத் தொடவே விடவில்லை. முதலில் காலைதோறும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடச் சொன்னார். பிறகு சாக்குக் கட்டியால் பெரிய பெரிய எழுத்துக்களாகக் கரும்பலகையில் எழுதச் சொன்னார், வாயால் தாளம் சொல்லிக்கொண்டே. அதற்குப் பிறகு தடித்த பென்ஸில், கடைசியில்தான் பேனா.

நாம் மட்டும் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினோம். வீட்டில் சண்டையா, யாராவது மிரட்டினார்களா, ஏதாவது ரகசியத் துயரமா என்று துருவித் துருவி விசாரித்தோம். டாக்டர் அம்மாள் தடுத்துவிட்டார். சில நோயாளிகளிடம் அத்தகைய காரணம் இருக்கும். கொடிய காரணமாகவும் இருக்கும். அவர்களே சொல்லும்போது பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆனால், எல்லாரிடமும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இவளுக்குச் சைக்கிள் விழுந்ததும், பரீட்சைக் கவலையும், கையைப் பற்றிய பயமுமே போதுமானவையாக இருந்தன. "நடிப்பு" என்ற நமது பழைய சந்தேகமே, "ரகசியம்" என்று வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

சிகிச்சை எல்லாருக்கும் ஒரே விதமாகப் பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வலிப்புப் போல் வருகிற விலகல் நோயாளிகள் 368 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் மனோசிகிச்சை, வலிப்பு வரும் தடவைகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆனால், நோயாளிகளின் மனத்துயர் குறைந்தது. அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறன் வளர்ந்தது. முழு வெற்றியல்ல, சிறிய லாபமும் அல்ல.

குடும்பத்தார் செய்யக் கூடியது என்ன? டாக்டரிடம் அழைத்துச் செல்லலாம். நோயாளி சொல்வதை நம்பலாம். வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்தை விலக்கி, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளலாம். மூக்கில் வெங்காயம் பிழிவது, கன்னத்தில் அறைவது, கையில் சாவியைத் திணிப்பது இவற்றை விட்டுவிடலாம். "இன்று கை எப்படி இருக்கிறது?" என்று மணிக்கொரு தரம் கேட்பதையும் விட்டுவிடலாம், கவனத்தைத் திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைப்பது தீயில் நெய் ஊற்றுவதாகும். யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்கு, 2022-ல் அரசாங்கம் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 14416. கட்டணம் கிடையாது.

அந்தப் பெண் மார்ச்சுப் பரீட்சையை எழுதவில்லை. துணைத் தேர்வை எழுதித் தேறினாள். சான்றிதழ் வாங்க வந்த அன்று, அறையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து, வகுப்பில் அன்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டோம். எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது போதாது என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. அதற்காகத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறோம்.

அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் சொன்னதற்காகக்கூட எனக்கு வருத்தமில்லை, ஸார். நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு, நிறுத்து, நிறுத்து என்று கையிடம் சொல்லிப் பார்த்தேன். அது கேட்கவில்லை. நீங்களும் அதையே சொன்னதும், அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டேன்."

சான்றிதழ்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னோம். போட்டாள். எழுத்து முன்போல் முத்து முத்தாக இல்லை. கொஞ்சம் பெரிதாக, கோலம் போட்டது போல் இருந்தது.